நிழற்படம் திருத்துதல்

தூத்துக்குடி கீழ்க்கடலை நோக்கி அமைந்த ஊர். வைகறைப் பொழுதில் பழைய துறைமுகத்தின் கரையில் நிற்பவர்க்குக் கதிரவன் கடலினின்றே எழுவது போலத் தோன்றும். மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டு செல்லும் தோணிகள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றின் பக்கங்களில் பூசிய வண்ணமும், தளத்தில் அடுக்கிய மூட்டைகளும், கயிறு இழுக்கும் தொழிலாளரின் முகமும் கரையில் நிற்பவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இக்காட்சியை மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கைப்பேசியால் படம் எடுத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டிற்கு வந்து அதனைப் பார்க்கும்போது அவனுக்கு ஏமாற்றமே மிஞ்சும். வானம் செக்கச் சிவந்து அழகாக இருக்கும். தோணிகளோ கரியால் தீட்டியவை போல இருண்டு கிடக்கும். தொழிலாளரின் முகம் தெரியாது. கடலும் வானும் கூடும் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நீரெல்லாம் வழிந்து ஓடிவிடுமோ என்று ஐயுறத்தக்க நிலையில் இருக்கும்.

கண் கண்டதைக் கருவி ஏன் காணவில்லை? மனிதனின் கண் வானத்தைப் பார்க்கும்போது சுருங்கிக்கொள்கிறது. தோணியின் நிழற்பக்கத்தைப் பார்க்கும்போது விரிந்துகொள்கிறது. இவ்வாறு பலமுறை பார்த்தவற்றை மூளை ஒன்று சேர்த்து ஒரே காட்சியாக அமைத்துக்கொள்கிறது. கருவியோ பெரும்பாலும் ஓர் அளவு ஒளியையே தேர்ந்தெடுத்து முழுக் காட்சியையும் அவ்வளவிலேயே பதிவு செய்கிறது. வானத்துக்கு ஏற்ற அளவு தோணிக்குப் போதாது. இக்குறையை ஓரளவு நீக்கும் முயற்சியே நிழற்படம் திருத்துதல் எனப்படும்.

திருத்துதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. படம் எடுக்கும் கலை தமிழ்நாட்டுக்கு வந்தபோதே அதுவும் உடன் வந்தது. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக விளங்கிய கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் 1858 ஆம் ஆண்டை ஒட்டி மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் முதலிய ஊர்களின் கோயில்களைப் படம் எடுத்தார். அக்காலத்து மெழுகுத் தாள் எதிர்ப்படங்கள் நீல ஒளியை மிகுதியாக ஏற்பவை. ஆதலின் நீல வானம் முகிலின்றி வெறும் வெள்ளையாகப் பதிந்துவிடும். டிரைப் அவ்வெதிர்ப்படங்களின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி, முகில்களைத் தாமே வரைந்து சேர்த்ததுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க இயலாமையால், 21 படங்களாக எடுத்து ஒட்டி நீண்ட சுருளாக ஆக்கினார். முகில் இல்லாப் படத்தில் முகிலைச் சேர்த்ததும், பல துண்டுகளை இணைத்ததும் ஒருவரே. ஆயினும் இவ்விரண்டும் ஒரே தன்மையுடையன அல்ல. இணைத்த படத்தில் உள்ளவை யாவும் கல்லில் உள்ளவை. சேர்த்த முகிலோ அன்று அவ்வானத்தில் இருந்ததன்று.

பின்னர் ஊர்தோறும் நிழற்பட நிலையங்கள் தோன்றின. அவற்றில் கூரிய பென்சிலும் மெல்லிய தூரிகையும் கொண்டு எதிர்ப்படத்தின் மேல் முகத்துத் தழும்பை மறைப்போர் இருந்தனர். அது கைத்தேர்ச்சி மிக்க தொழில். பல்லாண்டுப் பயிற்சி வேண்டுவது. கணிப்பொறி வந்தபின் அத்தொழில் உருமாறிற்று. 1957 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரசல் கிர்ஷ் என்பவர் தம் கைக்குழந்தையின் படம் ஒன்றைக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். அகலத்தில் 176, உயரத்தில் 176 என அதில் 30,976 புள்ளிகளே இருந்தன. 1975 இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் படச்சுருள் இல்லாத கேமரா ஒன்றைச் செய்தார். ஒரு படத்தை நாடாவில் பதிய அதற்கு 23 நொடி ஆயிற்று. 1987 இல் தாமஸ் நோல் என்பவர் தொடங்கி, தம் உடன்பிறந்தார் ஜானுடன் சேர்ந்து வளர்த்த திருத்தும் மென்பொருள் 1990 இல் போட்டோஷாப் என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. அதன் விலை எளியோர்க்கு எட்டாததாகவே இருந்தது.

விலையின்றிக் கிடைக்கும் கருவிகள் அதன்பின் ஒவ்வொன்றாகத் தோன்றின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவர் 1995 இல் தொடங்கிய கிம்ப் என்னும் மென்பொருளை எவரும் பெறலாம், எவரும் மாற்றியமைக்கலாம், எவர்க்கும் கொடுக்கலாம். செக் நாட்டில் வாழ்ந்த ஐவன் குட்ஸ்கிர் என்பார் 2013 இல் வெளியிட்ட போட்டோபீ என்பது இணைய உலாவியிலேயே திறந்து வேலை செய்வது. கணிப்பொறியில் எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. ஆகவே பள்ளிக் கணிப்பொறி அறையிலும் மாணவன் இக்கலையைப் பயிலலாம்.

‘இலவசம்’ என்னும் சொல்லுக்கு இங்கே ஒரே பொருள் இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே உணர்தல் நலம். கிம்ப் பலருடைய உழைப்புக் கொடையால் வளர்வது. போட்டோபீ விளம்பரங்களின் வருவாயால் நடப்பது. வேறு சில தளங்கள் திருத்தும் வரை காசு கேளாமல், சேமிக்கும் வேளையில் படத்தின் மேல் தம் முத்திரையைக் குத்தி, அதனை நீக்கப் பணம் கேட்கும். இன்னும் சில, படத்தைத் தம் நிலையத்துக் கணிப்பொறிக்கு வரவழைத்துக்கொண்டே வேலை செய்யும். அங்கே சென்ற படம் எத்துணைக் காலம் வைக்கப்படும், எதற்குப் பயன்படும் என்பதை அத்தளத்தின் விதிகளைப் படித்தே அறிதல் வேண்டும். போட்டோபீயில் திறக்கும் படம் பயில்வோனின் கணிப்பொறியை விட்டு வெளியே செல்வதில்லை. தோணியின் படத்தை எங்கும் அனுப்பலாம். தங்கையின் படத்தை அவ்வாறு அனுப்புதல் தகாது.

இனி மாணவன் தன் தோணிப் படத்தைத் திறக்கிறான். அவன் முதலிற் செய்ய வேண்டுவது திருத்தம் அன்று, படி எடுத்தல். மூலப் படத்தைத் தொடாமல் வைத்து, அதன் படி ஒன்றில்தான் கை வைக்க வேண்டும். இதன் காரணம் பின்னர் விளங்கும்.

திரையில் தோன்றும் படம் உண்மையில் எண்களின் கூட்டம். அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள் உள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். மூன்றும் 0 ஆயின் கரிய இருள். மூன்றும் 255 ஆயின் முழு வெள்ளை. திருத்துதல் என்பது இவ்வெண்களை மாற்றுதலே. தூரிகை, கத்தரிக்கோல், தூவல் முதலிய உருவங்கள் திரையில் காணப்படினும் உள்ளே நடப்பது கணக்குத்தான்.

முத்துக்குளித்த காலத்தில் முத்து வணிகர் பெரியதும் சிறியதுமான துளைகளை உடைய பித்தளைச் சல்லடைகளை வரிசையாக வைத்திருந்தனர். கலந்து கிடக்கும் முத்துகளை ஒவ்வொன்றாக அச்சல்லடைகளில் இட்டுச் சலித்தால், பெருமுத்து எத்தனை, இடைத்தரம் எத்தனை, பொடி எத்தனை என்பது தெரிந்துவிடும். திருத்தும் கருவிகளில் உள்ள ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடமும் அத்தகைய சல்லடையே. அது படத்தின் புள்ளிகளை ஒளியின் அளவுப்படி சலித்து, இருண்டவற்றை இடப்புறமும் ஒளி மிக்கவற்றை வலப்புறமும் குவித்துக் காட்டும். தோணிப் படத்தின் வரைபடத்தில் இடப்புறம் ஒரு குன்றும் வலப்புறம் ஒரு குன்றும் எழுந்து, நடுவே பள்ளம் கிடக்கும். இடக்குன்று தோணிகள், வலக்குன்று வானம். படத்தைப் பாராமலே அதன் குறையைச் சொல்லிவிடக் கூடிய வரைபடம் இது. புதிதாகப் பயில்வோர் பலர் இதனைப் பொருட்படுத்தாமல் வண்ண வண்ணமான பிற பொத்தான்களை நாடுவது வியப்பன்று. ஆயினும் இழப்பு அவர்களுடையதே.

சாய்ந்த கடற்கோட்டை நேராக்குதல் எளிது. 4000 புள்ளி அகலமுள்ள படம் ஒரு பாகை சாய்ந்திருந்தால், இரு ஓரங்களிலும் கடற்கோட்டின் உயரம் ஏறத்தாழ 70 புள்ளி வேறுபடும். படத்தை எதிர்ப்புறமாக அதே அளவு திருப்பினால் கோடு நேராகும். அவ்வாறு திருப்புகையில் நான்கு மூலைகளிலும் வெற்றிடம் தோன்றும்; அதனை வெட்டி நீக்க வேண்டும். ஓரத்தில் நின்ற ஆள் ஒருவர் அவ்வெட்டில் போய்விடவும் கூடும். கோட்டை நேராக்கியதற்கு அது விலை. மாணவன் எடுக்கும்போதே கைப்பேசியை நேராகப் பிடித்திருந்தால் இவ்விலை கொடுக்க வேண்டியதில்லை.

இருளைப் போக்குதல் அத்துணை எளிதன்று. நிழற்பகுதியை மட்டும் ஒளியூட்டும் கருவி ஒன்றுண்டு. அதனைச் சிறிது நகர்த்தினால், கருநிழலாகக் கிடந்த தோணியில் மரப்பலகைகளின் இணைப்புகள் தோன்றும், மூட்டைகள் தோன்றும், தொழிலாளர் ஒருவரின் தலைப்பாகை தோன்றும். முதன்முறை இதனைக் காணும் மாணவனின் மகிழ்ச்சிக்கு அளவிராது. அம்மகிழ்ச்சியில் அவன் கருவியை இறுதிவரை நகர்த்துவான். உடனே படம் கெடும். இருண்ட பகுதி முழுவதும் 0 முதல் 30 வரையுள்ள 31 படிகளுக்குள் அடங்கியிருந்தது. அதனை 120 வரை இழுத்து நீட்டினாலும் படிகள் 31தான். இடைவெளிகள் மட்டுமே பெருகும். மென்மையாக மாற வேண்டிய நிழல் பட்டை பட்டையாகத் தெரியும். செம்மணலைத் தூவியது போன்ற பொட்டுகள் முகத்தில் தோன்றும். 0 என்றே பதிந்துவிட்ட இடத்திலோ எவ்வளவு ஒளியூட்டினும் சாம்பல் நிறமே வரும், முகம் வராது. பாரிலிருந்து எடுத்த சிப்பியில் முத்து இருந்தால்தான் பிளப்பவனுக்குக் கிடைக்கும். பதியாத ஒளியைக் கருவி தருவதில்லை.

தூத்துக்குடியில் பயில்வோர்க்கு உப்பளத்தைப் போலச் சிறந்த ஆசிரியர் வேறு இல்லை. தமிழ்நாட்டு உப்பு விளைச்சலில் பெரும்பங்கு இம்மாவட்டத்தது. நண்பகலில் கண்கூசும்படி வெண்மையாக மின்னும் உப்புக் குவியலைப் படம் எடுத்தால், அது அழுக்கேறிய சாம்பல் நிறமாகப் பதிவதைக் காணலாம். கருவியின் ஒளிமானி உலகம் முழுவதும் சராசரியாக இடைத்தரமான சாம்பல் நிறம் உடையது என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. வயல், தெரு, மனிதர் ஆகியவற்றுக்கு அக்கணக்குப் பொருந்தும். எங்கும் வெண்மையே நிறைந்த உப்பளத்தைக் கண்டதும் அது ஒளி மிகுந்துவிட்டது என எண்ணிக் குறைத்துவிடுகிறது. இங்கே திருத்துவோன் வரைபடத்தின் நடுவில் நிற்கும் குன்றை வலப்புறம் தள்ளினால் உப்பு மீண்டும் உப்பாகும். ஆனால் விளிம்பைத் தாண்டித் தள்ளலாகாது. 255 என்னும் எல்லையை முட்டிய புள்ளிகள் யாவும் ஒரே வெள்ளையாகிவிடும். உப்புப் பரலின் கூர்மையும், குவியலின் மேல் விழுந்த மெல்லிய நிழலும் மறைந்து, தாளைக் கிழித்து ஒட்டியது போலாகும்.

நிறத்தைத் திருத்துதலும் இத்தகையதே. குழல்விளக்கின் கீழ் எடுத்த படம் பச்சை கலந்தும், மாலை வெயிலில் எடுத்தது மஞ்சள் கலந்தும் வருவதுண்டு. வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளைச் சுட்டிக் காட்டினால், கருவி அப்பொருளின் மூன்று எண்களையும் சமமாக்கி, அதே கணக்கைப் படம் முழுவதற்கும் பொருத்தும். கடலுக்கு அடியில் எடுக்கும் படங்களில் இதன் எல்லை புலப்படும். நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சிவிடுகிறது. ஆதலால் மன்னார் வளைகுடாவின் அடியில் எடுத்த பவளப்பாறைப் படம் நீலப் போர்வை போர்த்தியது போலிருக்கும். மூழ்குவோர் உடன் கொண்டு சென்ற வெள்ளைப் பலகையைச் சுட்டித் திருத்தினால் ஆழம் குறைந்த இடத்துப் படம் தெளிவுறும். ஆழம் மிகுந்த இடத்திலோ சிவப்பு பதியவே இல்லை. அங்கே கருவி சிவப்பு என்று காட்டுவது பெரும்பாலும் பொட்டுகளையே.

சேமித்தலில் செய்யும் பிழை கண்ணுக்கு உடனே தெரியாதது, அதனால் கொடியது. ஜேபெக் என்னும் முறையில் சேமிக்கும்போது, கண்ணுக்கு எளிதில் புலனாகாத நுட்பங்கள் இடத்தைச் சுருக்குவதற்காகக் கழிக்கப்படுகின்றன. ஒருமுறை கழித்தால் கேடில்லை. திறந்து திருத்திச் சேமித்து, மறுநாளும் அவ்வாறே செய்தால், ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகக் கழிந்து, எழுத்துகளின் ஓரங்களில் அழுக்குப் படிந்தது போலாகும். 4000க்கு 3000 ஆன படத்தை 800க்கு 600 ஆகச் சுருக்கினால் 25 புள்ளிகளுள் ஒன்றே எஞ்சும். அதனை மீண்டும் பெரிதாக்கலாம். போன 24 புள்ளிகள் திரும்பா. மூலப் படத்தை முதலிலேயே தனியே வைக்கச் சொன்னது இதற்காகவே.

ஒளியையும் நிறத்தையும் திருத்தப் பழகிய மாணவன் அடுத்து நாடுவது அழிக்கும் கருவியை. படத்தின் ஓரிடத்துப் புள்ளிகளை எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டி மறைப்பது ஒருவகை. சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானே நிரப்பிக்கொள்வது மற்றொரு வகை. செயற்கை நுண்ணறிவு வந்தபின் இரண்டாம் வகை வியக்கத்தக்க திறம் பெற்றுள்ளது. கடற்கரையில் கிடந்த நெகிழிப் பையையும், வானில் குறுக்கே ஓடிய மின்கம்பியையும் அது நொடியில் துடைத்துவிடும். வாழ்த்து அட்டைக்கான படத்தில் இவ்வாறு செய்வதால் எவர்க்கும் தீங்கில்லை. ஆயின் அதே கடற்கரை எவ்வளவு மாசுபட்டது என்பதைக் காட்ட எடுத்த படத்தில் அப்பையே செய்தியாகும்.

தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவை நோக்குக. 1986 ஆம் ஆண்டில் அமைந்த மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளுள் அதுவும் ஒன்று. அலைகள் அரித்து அரித்து அத்தீவு சிறுத்துக்கொண்டே வந்தது. அதனைக் காக்கும் பொருட்டு 2015 ஆம் ஆண்டு முதல் அதனைச் சுற்றிக் கடலில் செயற்கைப் பாறைகள் இடப்பட்டன. தீவின் கரை முன்பு எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்று காட்டுவனவற்றுள் நிழற்படமும் ஒன்று. அதில் மணற்கரை அழகாக இல்லை என்று கருதி ஒருவன் ஓர் அங்குலம் மணலை ஒட்டிவிட்டால், பொய்ச்சான்று கூறியவன் ஆவான். அவன் அவ்வாறு எண்ணியிருக்க மாட்டான். எண்ணாமலே செய்துவிடக்கூடியதாக இருப்பதுதான் இக்கருவியின் இடர்.

முத்துக்குளிப்பைப் பற்றிய பழைய படங்களுக்கு இவ்விடர் மிகுதி. கொற்கைத் துறையின் காலம் முதல் புகழ்பெற்ற அத்தொழில், இக்கரையில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்து நின்றுபோயிற்று; அதன்பின் இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அக்காலத்துப் படம் ஒன்று, மடிந்து கிழிந்து கீறல்கள் நிறைந்து, ஒரு வீட்டின் பெட்டியில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மாணவன் அதனை ஒளிவருடி வழியாகக் கணிப்பொறியில் ஏற்றுகிறான். மங்கிய கருமையை ஆழமாக்குகிறான். மஞ்சள் நிறத்தைப் போக்குகிறான். தோணியின் விளிம்பில் மூழ்கத் தயாராக நிற்பவரின் உருவம் தெளிவாகிறது. பின்னர்க் கீறல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறான். மேலிருந்து கீழாக ஓடிய மெல்லிய வெண்கோடுகள் பல. தானே நிரப்பும் கருவி எல்லாவற்றையும் கீறல் என்றே கொண்டு துடைத்துவிடுகிறது. படம் புதிதாக எடுத்தது போல ஆகிவிட்டது.

கடல்தொழில் அறிந்த முதியவர் ஒருவர் அதனைப் பார்க்கிறார். “இதில் ஒரு கயிறுதானே இருக்கிறது, தம்பி? மற்றொன்று எங்கே?” என்று கேட்கிறார். முத்துக்குளிப்பவர்க்குக் கயிறு இரண்டு. ஒன்றில் கல் கட்டியிருக்கும்; அக்கல்லின் பளுவால் அவர் விரைந்து அடித்தளம் சேர்வார். சேர்ந்ததும் தோணியில் இருக்கும் துணையாள் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். மற்றொன்றில் சிப்பி சேர்க்கும் பை கட்டியிருக்கும். மூச்சு முட்டும் வேளையில் அவர் அக்கயிற்றை அசைத்துக் குறி காட்ட, துணையாள் அவரை இழுத்துத் தூக்குவார். கல்லின் கயிறு இல்லையேல் இறங்குதல் அரிது. பையின் கயிறு இல்லையேல் ஏறுதல் அரிது. கருவி கீறல் என்று கருதித் துடைத்தது இவ்விரண்டனுள் ஒன்றை.

மாணவன் தனியே வைத்திருந்த மூலத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்க்கிறான். வெண்கோடுகளுள் ஒன்று மட்டும் துணையாளின் கைப்பிடியில் தொடங்கி, தோணியின் விளிம்பில் வளைந்து, நீருள் சென்று முடிகிறது. கீறல் வளையாது. அவன் மூலத்திலிருந்து மற்றொரு படி எடுத்து, இம்முறை தானே நிரப்பும் கருவியை விட்டு, கையால் ஒட்டும் கருவியைக் கொண்டு ஒவ்வொரு கோட்டையும் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்த பின்னரே துடைக்கத் தொடங்குகிறான். முதியவர் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்கிறார்.